உடம்புக்கும் ஒரு தராசு

தாம்பரத்தில் மூட்டை வியாபாரம் செய்பவன் நான். சென்ற வருடம் இரண்டு பாதமும் மரத்துப்போயின. செருப்பு கழன்றதுகூடத் தெரியவில்லை. சர்க்கரை நோயின் வேலை என்று நானே தீர்மானித்து ஆறு மாதம் ஓட்டினேன். எடை போடாமல் ஒரு மூட்டை இறக்காதவன், உடம்பைக் கண்மதிப்பில் விட்டேன்!

டாக்டர் எழுதித்தந்த ரத்தப் பரிசோதனையில் பி12 வைட்டமின் 140தான்; 200க்குக் கீழென்றால் பொதுவாகக் குறைவு. பால், முட்டை, மீன், இறைச்சியில் உள்ள சத்து இது. பருப்பு, காய்கறியில் இல்லை. சாப்பிட்டால் மட்டும் போதாது. இரைப்பையில் சுரக்கும் ஒரு புரதத்தோடு சேர்ந்து, சிறுகுடலின் கடைசிப் பகுதியில்தான் அது ரத்தத்தில் ஏறும். வருடக்கணக்கில் விழுங்கும் மெட்ஃபார்மினும், நாமாக வாங்கிப் போடும் அசிடிட்டி மாத்திரையும் இதைக் கெடுக்கக்கூடும்.

1960களில் வட ஆற்காடு கிராமங்களில் பரவிய ஸ்ப்ரூ வயிற்றுப்போக்கை வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் பேக்கரும் மாத்தனும் ஆராய்ந்தார்கள். சாப்பிட்ட சத்தைக் குடல் உறிஞ்சாததை அவர்களுக்குக் காட்டியதும் பரிசோதனைகள்தாம். மலத்தில் வீணாகும் கொழுப்பையே அளந்தார்கள்.

அதற்காக, கடைக்கு வரும் ‘ஃபுல் பாடி’ நோட்டீசைப் பார்த்து அறுபது பரிசோதனைக்குப் பணம் கட்ட வேண்டாம். டாக்டர் கேட்பதைச் செய்தால் போதும்.

ஊசி போட்டு நான்கு மாதமாகிறது. எரிச்சல் நின்றது, இடது பெருவிரலில் மட்டும் உணர்வு இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. முன்பே வந்திருக்கலாம் என்றார் டாக்டர்.