கோ-ஆப்டெக்ஸ் நிறுவனத்தில் மாற்ற மேலாண்மை

கோ-ஆப்டெக்ஸ் எனப் பரவலாக அறியப்படும் தமிழ்நாடு கைத்தறி நெசவாளர்கள் கூட்டுறவுச் சங்கம், 1935 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட துணி விற்பனை நிறுவனம் ஆகும். இதன் தலைமையகம் சென்னை எழும்பூரில் அமைந்துள்ளது. மக்களின் உடை விருப்பங்கள் மாறியபோது இந்நிறுவனம் மேற்கொண்ட மாற்றங்கள், மாற்ற மேலாண்மைக்கு (இலங்கை வழக்கு: மாற்ற முகாமைத்துவம்) ஓர் எடுத்துக்காட்டு ஆகும்.

பின்னணி

தனியார் கடை, விற்காத துணியைக் கைவிட்டு வேறு துணியை வாங்கி விற்கலாம். கோ-ஆப்டெக்ஸ் நிறுவனத்திற்கு அது எளிதன்று. நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் நெய்பவற்றைக் கொள்முதல் செய்து விற்பதே அதன் நோக்கம். கடையில் சேலைகள் தேங்கினால் அடுத்த கொள்முதல் குறையும். தறியில் இருப்பவரின் கூலியும் குறையும்.

1976 இல் நடுவண் அரசு தொடங்கிய ஜனதா துணித் திட்டமும், 1983 இல் தமிழக அரசு தொடங்கிய இலவச வேட்டி சேலைத் திட்டமும் கைத்தறித் துறைக்கு வேலை அளித்தன. எனினும் அரசு ஆணைக்காக நெய்யும்போது, வாங்குவோரின் விருப்பத்தை அறிய வேண்டிய தேவை இல்லை. அதே காலத்தில் விசைத்தறித் துணி, பாலியெஸ்டர், சுடிதார், ஆயத்த ஆடை ஆகியன பரவின.

தறியில் மாற்றம்

புதிய கரைக்கோ புட்டாவிற்கோ ஜக்கார்டு அட்டைகளைப் புதிதாகத் துளையிட வேண்டும். பாவின் நிறத்தை மாற்ற, தறியில் உள்ள பாவு முடியும் வரை காத்திருக்க வேண்டும். காஞ்சிபுரப் பட்டில் ஒரு பாவில் பொதுவாக மூன்று சேலைகள் நெய்யப்படும். நெசவாளர் நெய்த அளவுக்கே கூலி பெறுவதால், தறி நிற்கும் நாட்களில் வருமானம் இல்லை. ஆகவே புதிய வடிவமைப்பை ஏற்க அவர் தயங்குவது பிடிவாதம் அன்று, கணக்கு ஆகும். மாதிரி நெசவின் செலவை நிறுவனம் ஏற்காவிடில், மாற்றத்தின் சுமை முழுவதும் நெசவாளர் மீதே விழும்.

மேற்கொள்ளப்பட்ட மாற்றங்கள்

2010களில் பின்வரும் மாற்றங்கள் நடைபெற்றன:

* செட்டிநாட்டுக் கண்டாங்கி உள்ளிட்ட மரபுச் சேலைகள் மீண்டும் முன்னிறுத்தப்பட்டன. கண்டாங்கிச் சேலை 2019 இல் புவிசார் குறியீடு பெற்றது.
* நெய்தவரின் பெயரும் ஒளிப்படமும் கொண்ட அட்டைகள் சேலைகளுடன் இணைக்கப்பட்டன.
* உ. சகாயம் மேலாண்மை இயக்குநராக இருந்த காலத்தில் (2012–2014) இளைஞரிடையே வேட்டி அணியும் வழக்கம் ஊக்குவிக்கப்பட்டது.
* இணையவழி விற்பனை தொடங்கப்பட்டது.

இவற்றுள் முதல் இரண்டும் கவனிக்கத்தக்கவை. இவை நெசவாளரின் திறனை மாற்றவில்லை. அத்திறனை வாங்குவோர் காணும் முறையையே மாற்றின.

மதிப்பீடு

உளவியலாளர் கர்ட் லெவின் 1947 இல் நிறுவன மாற்றத்தை உறைநிலை நீக்கல், மாறுதல், மீண்டும் உறைதல் என மூன்று கட்டங்களாகப் பிரித்தார். உடை வணிகத்தில் மூன்றாம் கட்டம் நிலைப்பதில்லை. விருப்பங்கள் மீண்டும் மாறும். பண்டிகைக் காலத் தள்ளுபடி தேங்கிய இருப்பைக் குறைக்கும். ஆயினும் தள்ளுபடிக்குக் காத்திருக்கும் பழக்கத்தையும் அது வளர்க்கக்கூடும். எனவே கடையில் கேட்கப்படுவது எது என்னும் செய்தி, அடுத்த பாவு ஏற்றப்படுவதற்கு முன் நெசவாளரைச் சென்றடைவதே இத்தகைய நிறுவனத்தில் மாற்ற மேலாண்மையின் முதன்மைப் பணி ஆகும்.

இவற்றையும் பார்க்க

* கைத்தறி
* கூட்டுறவு
* கண்டாங்கிச் சேலை