மிராசு போயிற்று, சங்கம் மிராசாகலாமா?

தஞ்சையிலிருந்து திருச்சிக்கு ரயிலேறிப் பூதலூர் வழியாகப் போகிறவர்கள் சன்னலுக்கு வெளியே சற்றுப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் நாற்றங்கால், மறுபக்கம் மனைக்கல். நெல் விளைந்த நிலத்திலே இன்று ‘நகர்’ விளைகிறது. நகர் ஒன்று முளைத்ததும் குடியிருப்போர் நலச் சங்கம் முளைக்கிறது. சங்கம் முளைத்த மறு ஆண்டே சண்டையும் முளைத்துவிடுகிறது!

என்ன சண்டை? பூதலூரில்தான் என்றில்லை, எந்தப் புது நகரிலும் கேட்கக்கூடிய பேச்சுதான்.

“ஆறு மாதச் சந்தா நிற்கிறது, வாத்தியாரய்யா. கட்டாவிட்டால் தண்ணீரை நிறுத்துவதென்று கமிட்டி முடிவு செய்திருக்கிறது.”

“கட்டமாட்டேன் என்றா சொன்னேன், தம்பி? போன வருஷக் கணக்கைக் காட்டுங்கள், கட்டுகிறேன் என்றுதானே சொன்னேன்?”

“கணக்குக் கேட்க நீங்கள் யார்?”

யார் என்று கேட்கிறார் செயலாளர்! வீட்டுக்கு உரியவர், சங்கத்துக்கு உறுப்பினர், இவரை அந்த நாற்காலியிலே அமர்த்திய கைகளில் ஒரு கைக்குச் சொந்தக்காரர். அவரைப் பார்த்து ‘நீ யார்’ என்று கேட்கும் துணிவு எங்கிருந்து வந்தது?

இந்தக் குரல் தஞ்சைத் தரணிக்குப் புதிதன்று. உழைப்பவன் கட்டிய குடிசை அவனுடையது. குடிசை நின்ற மனையோ மிராசுதாருடையது என்றிருந்த காலம் ஒன்று உண்டு. களத்திலே கூலி கேட்டு வாய் திறந்தால், ‘மனையைக் காலி செய்’ என்ற உத்தரவு வீட்டு வாசலுக்கு வரும். வயலில் எழுந்த வழக்குக்கு அடுப்பிலே தண்டனை! அந்தக் கொடுமைக்கு அணை போட 1961-இல் குடியிருப்பு வெளியேற்றத் தடுப்புச் சட்டம் வந்தது. 1971-இல் வந்த சட்டம் அந்த மனையையே குடியிருந்த விவசாயிக்கும் விவசாயத் தொழிலாளிக்கும் உரிமையாக்கிற்று. தன் வீட்டிலே அச்சமின்றி இருக்கும் உரிமை இந்த மண்ணில் எளிதாக வந்ததன்று. மிராசுதாரிடமிருந்து மீட்ட அந்த உரிமையை, ரசீதுப் புத்தகமும் ரப்பர் முத்திரையும் வைத்திருக்கும் கமிட்டியிடம் அடகு வைக்கலாமா?

அப்படியானால் சங்கமே வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும், கட்டாயம் வேண்டும். ஐப்பசி மழையில் ஒருவர் வீட்டு வாசலில் வடிகாலை அடைத்தால் ஒன்பது வீட்டுக்குள் தண்ணீர் நுழைகிறது. விளக்கும் காவலும் மோட்டாரும் பொதுவென்றால், செலவும் பொதுதான். ‘என் வீடு, என் விருப்பம்’ என்று சந்தாவை மறுத்துவிட்டு, பொது விளக்கின் வெளிச்சத்தில் நடந்து வருபவரை நாம் ஆதரிக்கவில்லை.

ஆற்றுப் பாசனத்தில் வாழ்ந்தவர்க்கு இது தெரியாததன்று. வாய்க்காலைத் தூர்வார வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும் என்பதே குடிமராமத்து. 1858-ஆம் ஆண்டுச் சட்டம், அப்படி வராதவர் தாம் தரவேண்டிய உழைப்பின் மதிப்பைப் போல் இரு மடங்கு செலுத்த வேண்டும் என்றது. கடனைப் பணமாக வசூலிக்க வழி சொன்னார்கள். இன்றும் சந்தா பாக்கிக்கு நோட்டீஸ் உண்டு, வழக்கு உண்டு. குடிநீர்க் குழாயின் கழுத்தை நெரிப்பது வசூலா, வன்மமா?

அதுவும் யாருடைய குழாய்? அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவில் சாலைகளைத் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும். பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவானால், சாலை போக எஞ்சிய நிலத்தில் 10 விழுக்காட்டைப் பொது இடமாக விட்டு அதையும் ஒப்படைக்க வேண்டும். தெரு ஊராட்சியுடையது; பூங்கா ஊராட்சியுடையது; ஊராட்சி தந்த குழாயும் ஊராட்சியுடையதே. அதை மூடச் சங்கத்துக்கு அதிகாரம் தந்தவர் யார்? ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறதே, அங்கே போய்க் கேட்கலாம்.

இனி, கணக்கு. உத்திரமேரூர்க் கல்வெட்டை அறியாதவர் இல்லை. பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டப்பட்டவை. வாரியத்துக்கு வருகிறவன் சொந்த மனையில் வீடு கட்டியிருக்க வேண்டும் என்றார்கள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மீண்டும் வரக்கூடாது. அவன் உறவினரும் வரக்கூடாது என்றார்கள். அந்தச் சபையிலே உழுதவனுக்கு இடமில்லை. வேதம் ஓதிய பிராமண ஆடவர்க்கே இடம். அந்தக் குறையை மறைத்துப் பெருமை பேச நாம் தயாரில்லை. ஆனால், ஆயிரம் ஆண்டுக்கு முன் குறுகிய வட்டத்துக்குள்ளேகூட வேண்டியிருந்த கணக்கு, அனைவருக்கும் வாக்குள்ள காலத்திலே வேண்டாததாகிவிடுமா?

கடல் கடந்த நாட்டிலும் இதே கதைதான். அமெரிக்காவின் பல மாநிலங்களில் சந்தா பாக்கிக்காக வீட்டையே ஏலத்துக்குக் கொண்டுவரும் அதிகாரம் வீட்டுடைமையாளர் சங்கங்களுக்கு உண்டு. கலிபோர்னியா அதற்குக் கடிவாளம் போட்டது: பாக்கி 1,800 டாலருக்குக் குறைவாக இருந்து, ஓராண்டும் கடக்காதிருந்தால் வீட்டின்மீது கைவைக்க முடியாது. பேசித் தீர்க்கலாம் வாருங்கள் என்று உறுப்பினர் எழுதிக் கேட்டால், சங்கம் மறுக்கவும் முடியாது. பணம் படைத்த நாடும் கடைசியில் கண்டது, உட்கார்ந்து பேசும் திண்ணையைத்தான்!

நமக்கும் வழிகள் இருக்கின்றன. குறையை வாயால் சொல்லாமல் எழுத்தால் சொல்லி, பெற்றதற்கு ஒப்புதல் வாங்குங்கள். பொதுக்குழுவைக் கூட்டச் சொல்லுங்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி, உறுப்பினரில் மூன்றில் ஒரு பங்கினர் விண்ணப்பித்தால், சங்கத்தின் செயற்பாட்டையும் நிதிநிலையையும் பதிவாளர் விசாரிக்கலாம். ஆகவே தனி ஆளாய்த் தெருவில் நின்று கத்துவதைவிட, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவது பயன் தரும். அடுக்குமாடி வீட்டுக்காரர்கள் 2024-இல் நடைமுறைக்கு வந்த அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டத்தையும் தங்கள் துணை விதிகளையும் படித்து வைத்துக்கொள்ளட்டும். அதற்கும் மேல் மக்கள் நீதிமன்றம் இருக்கிறது. நீதிமன்றக் கட்டணம் இல்லை, இருவரும் இசைந்து பெறும் தீர்வு நீதிமன்றத் தீர்ப்பாகவே நிற்கும், மேல்முறையீடு இல்லை. எதிர்வீட்டுக்காரரோடு பத்தாண்டு வழக்காடி வென்றாலும், பொழுது விடிந்தால் விழிப்பது அவர் முகத்தில்தானே?

வாத்தியாரய்யா சந்தாவைக் கட்டட்டும், ரசீது வாங்கட்டும், கையோடு கணக்கையும் கேட்கட்டும். தம்பி, நீங்களும் கணக்கை எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். ஒட்டிய மறுநாள் பாருங்கள், பாதிப் பாக்கி தானாக வரும். தலைமடைக்காரன் கடைமடையை நினைக்கும்வரைதான் வாய்க்கால் ஊருக்குப் பொது. மறந்த அன்று, அது மறுபடியும் ஒரு மிராசு!