மிஞ்சிய பணமா, முதல் பணமா?

உலை வைக்கும்போதே ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைப்பார் என் உம்மும்மா. "மிஞ்சினால் கொடுப்போம் என்றிருந்தால் ஒருநாளும் மிஞ்சாது" என்பார்.

அமெரிக்காவின் சியாட்டில் நகரமும் 1973இல் அப்படியொரு சட்டம் செய்தது. நகரசபையின் கட்டுமானத் திட்டங்களுக்கான நிதியில் 1 வீதம் முதலிலேயே கலைக்கென ஒதுக்கப்படும். நூறு இலட்சத்தில் ஒரு கட்டடம் எழுந்தால், அதில் ஒரு இலட்சம் கலைக்கு.

இந்த நிதியால்தான் அங்கே ஒரு மின்சார உபநிலையத்தில், முதிய தம்பதியர் பழைய வீட்டுப் பொருட்களால் செய்த வண்ணக் காற்றாடிகள் சுழன்றன. நுழைவுச்சீட்டு வாங்க வசதியில்லாத பிள்ளையும் வேலிக்கு வெளியே நின்று பார்க்க முடிந்தது.

வீதியும் வடிகானும் அவசியம்தான். அவை முடியட்டும் என்று காத்திருந்தால் கலையின் முறை வரவே வராது. எங்கள் ஊரிலும் அடுத்த கட்டடத்துக்கு அடிக்கல் நடும் அன்றே அந்த ஒரு பிடியை எடுத்துவைக்கலாமே!