தச்சர் பார்க்கத் தச்சுப் பட்டறை

ஊரில் ஒருவர் புதுக் கிணறு வெட்டினால் அக்கம்பக்கத்து விவசாயிகள் அனைவரும் வந்து எட்டிப் பார்க்கின்றனர். எத்தனை அடியில் ஊற்றுக் கண்டது, பாறை எங்கே குறுக்கிட்டது, செலவு என்ன ஆயிற்று என்று கேட்டறிகின்றனர். ஒருவர் வெட்டிய கிணறு பத்துப் பேருக்குப் பாடமாகிறது. புதிதாக எழும்பும் தச்சுப் பட்டறையும் அவ்வாறே பிற தச்சர்களுக்குப் பாடமாக வேண்டும். அதற்கான வழிகளை ஊராட்சி உறுப்பினர்களுக்கும் விவசாயப் பெருமக்களுக்கும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. இங்கே தச்சுத் தொழிலும் வேளாண்மையும் ஒன்றையொன்று தாங்கி வாழ்ந்தவை. நாட்டுக் கருவேல மரத்தில் ஏரும் வண்டிச் சக்கரமும் செய்து கொடுத்த தச்சர், அறுவடைக் காலத்தில் களத்திற்கு வந்து தமக்குரிய தானியப் பங்கைப் பெற்றுச் சென்றார். டிராக்டரும் மின்சார மோட்டாரும் வந்தபின் ஏருக்கும் கமலைக்கும் இருந்த வேலை மறைந்தது. இன்று ஊரில் வேண்டப்படுபவை கதவு, சன்னல், கட்டில், அலமாரி, பள்ளிக்கூடப் பெஞ்சு ஆகியவையே. இவற்றை விரைவாகவும் செம்மையாகவும் செய்ய இயந்திரப் பட்டறை தேவைப்படுகிறது. ஆனால் அதற்கு ஆகும் முதலோ பெரிது, பெரும்பாலும் கடன். பட்டறையைத் தவறாக அமைத்தவருக்கு வேலை நின்றாலும் தவணை நிற்பதில்லை. ஆகவே, முன்னே அமைத்தவரிடம் பின்னே அமைப்பவர் கற்றுக்கொள்வது வெறும் மரியாதைச் சடங்கன்று. குடும்பத்தைக் காக்கும் செயலாகும்.

புதுப் பட்டறையைக் காண வரும் தச்சர் முதலில் கேட்பது, 'மோட்டார் எத்தனை குதிரைத் திறன்? இயந்திரம் என்ன விலை?' என்பதே. இக்கேள்விகள் இயல்பானவை, எனினும் இவை கடைசியில் கேட்கத்தக்கவை. பட்டறையைக் காட்டுபவர் பின்வரும் வரிசையில் காட்டுவது பயன்தரும் என்று நாம் கருதுகிறோம்.

முதலில் மரம்

வாயிலில் இயந்திரத்தைக் காட்டுவதற்குமுன் மரம் அடுக்கிய கொட்டகையைக் காட்ட வேண்டும். ஈரமரத்தில் செய்த கதவு எவ்வளவு நுட்பமான இயந்திரத்தில் இழைக்கப்பட்டாலும் கோடையில் சுருங்கி, சட்டத்திற்கும் பலகைக்கும் நடுவே வெளிச்சம் தெரியும். மரம் நீளவாட்டில் ஏறக்குறையச் சுருங்குவதில்லை. அகலவாட்டிலேயே சுருங்குகிறது என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

அறுத்த பலகைகளைத் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், ஒவ்வோர் அடுக்கிற்கும் இடையே ஒரே கனமுள்ள ரீப்பர்களை நேர்மேலே நேராக வைத்து அடுக்க வேண்டும். மேலே கூரையும் பக்கங்களில் காற்றோட்டமும் வேண்டும். பலகையின் இரு முனைகளிலும் வர்ணமோ மெழுகோ பூசினால் வெடிப்புக் குறையும். ஓர் அங்குலக் கனத்திற்கு ஓராண்டு என்பது காற்றில் உலர்த்துவதற்குரிய பொதுக் கணக்கு.

ஈரம் அளக்கும் கருவி இல்லாதவர் தராசைக் கொண்டே அறியலாம். அடுக்கின் நடுவிலுள்ள பலகையிலிருந்து ஒரு சிறு துண்டு அறுத்து நிறுக்கவும். 560 கிராம் இருப்பதாகக் கொள்வோம். அதனைச் சூட்டடுப்பில் கருகாமல் காயவைத்து, எடை மேலும் குறையாத நிலையில் மீண்டும் நிறுக்கவும். 500 கிராம் ஆனால், போன ஈரம் 60 கிராம்; அதாவது 12 விழுக்காடு. வீட்டினுள் வைக்கும் சாமான்களுக்கு நம் பக்கத்தில் 10 முதல் 12 விழுக்காடு தக்கது. இக்கணக்கை வந்தவர்கள் கண்முன் செய்து காட்டினால் எவரும் மறக்கமாட்டார்.

கண்மாயும் தச்சரும்

இவ்விடத்தில் ஊராட்சி உறுப்பினர்களுக்கு ஒரு சொல். கண்மாய்களிலும் புறம்போக்குகளிலும் அகற்றப்படும் சீமைக் கருவேலம் பெரும்பாலும் விறகாகவோ கரிமூட்டத்திற்கோ செல்கிறது. நிலத்தைக் கெடுக்கும் இம்மரத்தை வளர்க்கச் சொல்வோர் யாருமில்லை. ஆயினும் வெட்டிய மரத்தில் நேராகவும் பருத்தும் உள்ள அடித்துண்டுகளைக் கரிக்கு அனுப்புவது நட்டம். சீமைக் கருவேலத்தின் வைரப் பகுதி கடினமானது. காயும்போது பிற மரங்களைவிடக் குறைவாகச் சுருங்குவது. இதன் இனத்தைச் சேர்ந்த மரங்களைக் கொண்டு அர்ச்சென்டினா நாட்டில் கதவுகளும் மேசைகளும் செய்கின்றனர். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திலும் இம்மரச் சாமான்களுக்கு மதிப்பு உண்டு.

குறைகளும் உள. நீளத் துண்டுகள் கிடைப்பது அரிது, கோணல் மிகுதி, வெள்ளைப் பகுதி விரைவில் உளுத்துவிடும். எனவே வெள்ளையை நீக்கிவிட வேண்டும்; அல்லது போரிக் அமிலமும் வெங்காரமும் கரைத்த நீரில் ஊறவைத்து உலர்த்த வேண்டும். முக்காலி, நாற்காலிக் கால், கருவிகளின் பிடி, துண்டுகளை ஒட்டிச் செய்யும் மேசைப் பலகை ஆகியவற்றிற்கு இது ஏற்றது. ஏலத்தின் போதே அடித்துண்டுகளைத் தனியே பிரித்து, தனி விலையில் விற்க ஊராட்சி முயலலாம். ஊராட்சிக்கு வருவாய் உயரும். தச்சருக்கு உள்ளூரிலேயே மரம் கிடைக்கும்.

கட்டடமும் வெளிச்சமும்

பட்டறையின் நீளப் பக்கம் கிழக்கு மேற்காக அமைந்தால் வடக்கிலும் தெற்கிலும் சன்னல்கள் வைக்கலாம். வடக்குச் சன்னலின் வெளிச்சம் நாள் முழுதும் ஏறக்குறைய ஒரே சீராக இருப்பதால், உளி வேலைக்கும் அளவு குறிப்பதற்கும் அவ்விடமே உகந்தது. மேற்குச் சுவரில் பெரிய திறப்பு வேண்டா. தகரக் கூரையாயின் உயரமாக அமைத்து, உச்சியில் வெப்பம் வெளியேற வழிவிட வேண்டும்.

மரம் ஒரு வாயிலில் நுழைந்து, அறுப்பு, இழைப்பு, துளை, இணைப்பு, மெருகு என்னும் வரிசையில் நகர்ந்து, மறு வாயிலில் சாமானாக வெளியேறுவதே நல்ல அமைப்பு. ஒரே பலகையை மூன்று முறை குறுக்கும் நெடுக்கும் சுமக்க நேர்ந்தால் இயந்திரங்களின் இடம் சரியில்லை என்று பொருள். ஒவ்வோர் இயந்திரத்தையும் சுற்றி ஆள் நின்று வேலை செய்யவும், நீண்ட பலகை முன்னும் பின்னும் செல்லவும் இடம் வேண்டும்.

விரலும் மூச்சும்

நம் ஊர்களில் மின்சாரம் நின்று திரும்புவது உண்டு. நின்றபோது வட்ட வாளின் சுவிட்சை அணைக்க மறந்தவர், பல்லில் சிக்கிய துண்டை எடுக்கக் கை வைத்திருக்கும் நேரத்தில் மின்சாரம் திரும்பினால் விரல் போய்விடும். மின்சாரம் நின்றவுடன் தானே விலகி, மீண்டும் பொத்தானை அழுத்தினாலன்றி இயந்திரத்தை ஓடவிடாத ஸ்டார்ட்டர் கிடைக்கிறது. காண வந்தவர்கள் முன்னிலையில் மெயின் சுவிட்சை அணைத்துப் போட்டு, இயந்திரம் தானாக ஓடவில்லை என்பதைக் காட்டுவது அப்பட்டறையிலேயே சிறந்த காட்சியாகும்.

வாளின் மேல் மூடியும், அறுத்த பிளவு மீண்டும் வாளை நெருக்காதபடி தடுக்கும் தகடும் இருக்க வேண்டும். சிறு துண்டுகளைக் கையால் தள்ளாது கட்டையால் தள்ள வேண்டும். தோளில் துண்டு, தொங்கும் வேட்டி நுனி, கையுறை ஆகிய மூன்றும் சுழலும் வாளின் அருகே ஆகா.

மரத்தூளைத் தச்சர்கள் தொழிலின் ஒரு பகுதியாகவே எண்ணிவிடுகின்றனர். உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆய்வு முகமை, மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று 1995ஆம் ஆண்டில் வகைப்படுத்தியது. மூக்கின் உட்புறமே பெரிதும் தாக்கப்படுவது. இயந்திரத்தின் வாயிலிலேயே தூளை உறிஞ்சிப் பையில் சேர்க்கும் சாதனமும், முகத்திற்குத் தக்க கவசமும் வேண்டும். உறிஞ்சியைச் 'பிறகு வாங்கிக் கொள்ளலாம்' என்று தள்ளாமல், முதல் மதிப்பீட்டிலேயே சேர்ப்பதே அறிவுடைமை.

உரிமமும் உதவியும்

உருட்டு மரத்தை இயந்திரத்தால் அறுப்பதற்கு வனத்துறையின் உரிமம் தேவை. 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணைக்குப்பின் இதில் கண்டிப்பு மிகுந்தது. ஆகவே அறுவை இயந்திரத்திற்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னரே வனச்சரக அலுவலரைக் கண்டு விதிகளைத் தெளிந்துகொள்ள வேண்டும்.

கைவினைஞர்களுக்கென 2025ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தில் மரவேலையும் இடம்பெற்றது. 3 இலட்சம் ரூபாய் வரை கடனும், அதில் 25 விழுக்காடு, மிகுதியாக 50,000 ரூபாய் வரை மானியமும் அப்போது அறிவிக்கப்பட்டன. விண்ணப்பிக்க விழைவோர் நடப்பு விதிகளை விருதுநகர் மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டறியலாம். மரவேலைப் பயிற்சிக்குப் பெங்களூரிலுள்ள மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தை அணுகலாம்.

காட்டினால் தொழில் போய்விடுமா?

'பட்டறையைத் திறந்து காட்டினால் பக்கத்து ஊர்த் தச்சர் அதேபோல் அமைத்து நம் வேலையைப் பறித்துக்கொள்ள மாட்டாரா?' என்று சிலர் ஐயுறுகின்றனர். ஐயம் நியாயமானதே. ஆனால் கணக்கைப் பார்ப்போம். சிறு பட்டறையில் இழைப்பு இயந்திரம் நாள் முழுதும் ஓடுவதில்லை. பார்த்துச் சென்ற தச்சர் தம் பலகைகளைக் கொண்டுவந்து கூலி கொடுத்து இழைத்துச் சென்றால், சும்மா கிடக்கும் நேரம் தவணைக்கு உதவும். மேலும், ஒரு பள்ளிக்கு 200 பெஞ்சுகள் வேண்டுமெனில் தனி ஒருவர் குறித்த நாளில் முடித்தல் அரிது. ஒரே அளவும் ஒரே முறையும் அறிந்த நான்கு தச்சர்கள் கூடினால் அவ்வேலை நகரத்திற்குப் போகாமல் இங்கேயே நிற்கும்.

புதுப் பட்டறை எழும்பிய ஊரின் ஊராட்சித் தலைவர், அதன் உரிமையாளரைக் கலந்து ஒரு நாள் குறித்து, சுற்று வட்டாரத் தச்சர்களை அழைக்கலாம். பந்தலும் மாலையும் வேண்டா. காய்ந்த பலகையும், ஓடும் இயந்திரமும், செலவுக் கணக்கு நோட்டும் போதும். எது நன்றாக அமைந்தது என்பதோடு எதை மாற்றிக் கட்டியிருக்கலாம் என்பதையும் உரிமையாளர் மனந்திறந்து கூறட்டும். அடுத்த பட்டறை அமைப்பவருக்கு அச்சொல்லே பெரிய மானியம்.