அடியிறக்கமும் அறுவை மருத்துவரும்

எர்ணாவூரிலே வாழும் என் சித்தி, 12 ஆண்டுகளாக ஒரு நோயைப் பிறர் அறியாமல் மறைத்து வைத்திருந்தார். விடியுமுன் காசிமேட்டுக்குச் சென்று மீன் எடுத்து, கூடையைத் தலையில் ஏற்றித் தெருத் தெருவாக விற்று வந்தவர் அவர். பிற்பகலில் சுவரோரம் சாய்ந்து, "இடுப்பு விட்டுப் போகிறது" என்பார். நாங்களும் களைப்பென்றே கருதினோம். மூன்று பிள்ளைகளைப் பெற்ற அவருக்குக் கருப்பை தன் இடத்தினின்று இறங்கி வெளியே தட்டுப்படுகிறது என்னும் செய்தி, ஒரு நாள் சிறுநீர் கழிக்க இயலாமல் அவர் தவித்தபோதுதான் வெளிப்பட்டது. ஊரில் இதனை 'அடி இறங்குதல்' என்பர்.

மாணவ மாணவியரே, இதையெல்லாம் வானொலியில் பேசலாமா என்று சிலர் நினைக்கக் கூடும். பள்ளியில் உயிரியல் கற்பிக்கும் எனக்கும் அந்தக் கூச்சம் இருந்தது. கரும்பலகையில் இடுப்பெலும்பை ஆண்டுதோறும் வரைந்து காட்டியவள் நான். என் வீட்டிலேயே இருந்த நோயை அறியாதிருந்தவளும் நானே.

இடுப்பெலும்பின் அடிப்புறத்தில் தசைகளும் இணைப்புத் திசுக்களும் சேர்ந்து ஒரு தளமாக அமைந்திருக்கின்றன. குழந்தையைக் கிடத்தும் தூளியை நினைத்துக்கொள்ளுங்கள். தூளித் துணியைப் போன்றவை தசைகள்; மேலே அதைக் கட்டியிருக்கும் கயிறுகளைப் போன்றவை இணைப்புத் திசுக்கள். முன்னே சிறுநீர்ப்பை, நடுவே கருப்பை, பின்னே மலக்குடல் ஆகிய மூன்றையும் இத்தளமே தாங்குகிறது. பிள்ளைப் பேற்றின்போது இது பெரிதும் விரிகிறது. தீராத இருமலும், மலச்சிக்கலும், ஓயாது சுமை தூக்குவதும் அதை மேலும் தளர்த்துகின்றன. மாதவிடாய் நின்றபின் திசுக்களின் வலிமையும் குன்றுகிறது.

முதலில் நாங்கள் சென்றது ஒரு தனியார் மருத்துவமனைக்கு. அதன் பெயர் இங்கே வேண்டாம். சித்தியைப் படுக்க வைத்துச் சில நிமிடம் பார்த்துவிட்டு, "கருப்பையை எடுத்துவிட வேண்டியதுதான், திங்கட்கிழமை வந்து சேர்ந்துவிடுங்கள்" என்றார்கள். சித்தியின் மகன் தன் மனைவியின் கம்மலை அடகு வைக்கவும் துணிந்துவிட்டான். எனக்கு மட்டும் ஓர் ஐயம். தூளித் துணி நைந்திருக்கையில் குழந்தையைத் தூக்கிவிட்டால் துணி சரியாகிவிடுமா?

ஆகாது என்பதே உண்மை. கருப்பையை அகற்றுவது வேறு, தளர்ந்த தாங்குதளத்தைச் சீர்செய்வது வேறு. பல பெண்களுக்கு இரண்டும் சேர்ந்தே தேவைப்படலாம். ஆனால் தாங்குதளத்தைக் கவனியாமல் கருப்பையை மட்டும் எடுத்தால், யோனியின் மேற்பகுதியே பின்னாளில் கீழிறங்கக் கூடும். காரணமின்றிக் கருப்பை அகற்றும் வழக்கத்தைத் தடுக்க ஒன்றிய அரசு வகுத்த நெறிமுறைகளை மாநிலங்கள் பின்பற்ற வேண்டுமென 2023இல் உச்ச நீதிமன்றம் பணித்தது என்றால், இவ்வழக்கம் எவ்வளவு பரவியிருந்தது என்பதை நீங்களே உணரலாம்.

இந்நோய் பெரும்பாலும் உயிருக்கு உடனே தீங்கு செய்வதன்று. சிறுநீர் அடைபட்டாலும், புண்ணாகி இரத்தம் கசிந்தாலும், மாதவிடாய் நின்றபின் உதிரம் கண்டாலும் அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். மற்றபடி, யாரிடம் அறுவை செய்துகொள்வது என்று ஆராய்ந்து முடிவு செய்ய நேரம் உண்டு. "திங்கட்கிழமை" என்ற அவசரம் நோயினுடையதன்று.

பின்னர் இராயபுரத்தில் உள்ள இராஜா சர் இராமசாமி முதலியார் மகப்பேறு மருத்துவமனைக்குச் சித்தியை அழைத்துச் சென்றேன். எண்ணூர்ச் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு இடையே ஷேர் ஆட்டோ குலுங்கிய குலுக்கலில் அவர் பட்ட பாடு சொல்லத் தரமன்று. அங்கிருந்த அம்மையார் சித்தியை இருமச் சொன்னார், முக்கச் சொன்னார், நிற்க வைத்தும் பார்த்தார். சிறுநீர் கசிகிறதா, மலம் எளிதில் கழிகிறதா என்றெல்லாம் கேட்டார். மூன்று உறுப்புகளில் எது எவ்வளவு இறங்கியுள்ளது என்று அறியாமல் கத்தியை எடுப்பது முறையன்று என்பதை அப்போதுதான் கண்டேன்.

அறுவையைப் பற்றி அவர் முதலில் பேசவேயில்லை. தொந்தரவு குறைவாயின் பொறுத்திருக்கலாம் என்றார். 1948இல் அமெரிக்க மருத்துவர் ஆர்னால்டு கெகல் விளக்கிய தசைப் பயிற்சியைச் சொன்னார்: சிறுநீரை அடக்குவது போல் தசையை இறுக்கிச் சில நொடி நிறுத்தித் தளர்த்துவது, இதைச் சில மாதங்கள் விடாது செய்ய வேண்டும். உள்ளே பொருத்தித் தாங்கும் வளையம் ஒன்றையும் காட்டினார். சித்தி வளையத்தையே விரும்பினார். எட்டு மாதம் அதனோடு வேலைக்கும் சென்றார்.

அறுவையிலும் முறைகள் பல. 1888இல் மான்செஸ்டரில் ஆர்ச்சிபால்டு டொனால்டு தொடங்கிய முறையில் கருப்பை உடலிலேயே இருக்கும். இன்னும் பிள்ளைப் பேற்றை விரும்பும் இளம் பெண்களுக்காகக் கருப்பையை மேலே தாங்கிக் கட்டும் முறைகளைப் பம்பாயில் சிரோத்கர், புரந்தரே ஆகியோர் வகுத்தனர். ஒரே முறையை மட்டும் அறிந்தவர் வருவோர்க்கெல்லாம் அதையே சொல்வார். ஆதலால், பட்டத்தைப் பார்ப்பதோடு, இவ்வகை அறுவையை அடிக்கடி செய்கிறாரா, எத்தனை பேருக்கு மீண்டும் இறங்கியது என்று கேட்பதும் தகும். செயற்கை வலை வைப்பதாகச் சொன்னால், ஏன் என்று அவசியம் கேளுங்கள். யோனி வழியாக வைக்கும் அத்தகைய வலைகளை, அடியிறக்கத்துக்கென விற்பதை நிறுத்துமாறு அமெரிக்க அரசு 2019இல் ஆணையிட்டது.

இறுதியில் வளையம் உறுத்தத் தொடங்கவே, சித்தி அறுவைக்கு இசைந்தார். நானும் கேட்க அஞ்சிய ஒரு கேள்வியை அவரே கேட்டார்: "நீயே அறுப்பியா தாயி, வேற யாராவது அறுப்பாங்களா?" அம்மையார் முகம் சுளிக்கவில்லை. தாமே செய்வதாகவும், பேராசிரியர் உடனிருப்பார், பயிலும் மருத்துவர் உதவுவார் என்றும் விளக்கினார். சித்தியின் வயதையும் தளர்ச்சியின் அளவையும் கருதிக் கருப்பையை அகற்றி, தாங்குதளத்தையும் தைத்துச் சீர்செய்தார்கள். ஆம், முதல் மருத்துவமனை சொன்னதில் ஒரு பாதி நடக்கத்தான் நடந்தது. ஆனால் ஏன் என்பதைச் சித்தி அறிந்திருந்தார், மறு பாதியும் விடுபடவில்லை.

மூன்று மாதம் சுமை தூக்கக் கூடாது என்றார்கள். அதன்பின்னும் சித்தி கூடையைத் தலையில் ஏற்றவில்லை. இப்போது எர்ணாவூரிலேயே ஓரிடத்தில் அமர்ந்து விற்கிறார். காசிமேட்டிலிருந்து கூடையைச் சுமந்து வருபவன் அவர் மகன். கழுத்து வலிக்கிறதென்று தினமும் முணுமுணுக்கிறான்.