கோழி எருவில் ஒரு தூண்டில்

கோழி எருவிலுள்ள பாக்டீரியாக்களுக்குள்ளே பிளாஸ்மிட் என்ற டி.என்.ஏ. வளையங்கள் உண்டு. மருந்துக்கு மசியாத குணத்தை ஒன்று மற்றதுக்குக் கைமாற்றிவிடுவது இதன் மூலமாகவும்தான். கொலிஸ்டின் மருந்தை முறியடிக்கும் மரபணு இப்படித் தாவுவது 2015-இல் சீனாவில் தெரியவந்தது. 2019-இல் நம் நாட்டில் கோழி, கால்நடைகளுக்கு அம்மருந்தைத் தடை செய்தார்கள்.

எருவில் என்னென்ன வளையம் இருக்கிறதென்று எப்படிப் பார்ப்பது? பெரும்பாலான பாக்டீரியாக்கள் ஆய்வகத் தட்டில் வளராதே! அதனால் தூண்டில் போடுகிறார்கள். ஒரு மருந்தைத் தாங்கும் ஆய்வகப் பாக்டீரியாவை எருக் கரைசலில் கலந்து வைப்பார்கள். பிறகு அந்த மருந்தோடு கொலிஸ்டினும் சேர்த்த தட்டில் பூசுவார்கள். வளையத்தைப் பிடித்துக்கொண்ட தூண்டில்தான் அதில் பிழைக்கும். தாவாத வளையம் இதில் சிக்காதுங்க. அதற்கு எருவின் மொத்த டி.என்.ஏ.வையும் பிரித்து நீளநீள இழையாகப் படிக்கவேண்டும். வளையம் தெரியும், அது யாருடையது என்பது பல சமயம் தெரியாது.

பச்சையாகத் தின்னும் காய்களுக்கு மக்காத எரு போடாதீர்கள். குவியல் சூடேறி மக்கும்போது இந்தப் பாக்டீரியாக்களில் பல மடிந்துபோகும்.