பால் குடித்த பிள்ளையாரும் நீர் சொட்டிய சிலுவையும்

நோர்வூட் பக்கத்து லயங்களில் இராச்சாப்பாடு முடிந்ததும் தொலைக்காட்சிக்கு முன்னால் கூடுவது வழக்கமாகிவிட்டது. பேய்ப் படம் என்றால் பிள்ளைகள்கூட நித்திரை கொள்வதில்லை. ஒரு நம்பிக்கையைப் பரிசோதித்துக் காட்டும் நிகழ்ச்சி வந்தால் மட்டும் "இது நமக்கெதற்கு" என்று மாற்றிவிடுகிறோம். மாற்றாமல் பார்த்திருக்க வேண்டிய சிலவற்றை இங்கு கூறுகிறோம்.

1995 செப்டெம்பர் 21ஆம் திகதி டில்லியில் பிள்ளையார் சிலை பால் குடிப்பதாகச் செய்தி எழுந்து, அன்றைக்கே இலண்டன் வரை பரவியது. இந்திய அரசின் விஞ்ஞானிகள் பாலில் வர்ணம் கலந்து கரண்டியில் கொடுத்துப் பார்த்தார்கள். கரண்டியில் பால் குறைந்தது உண்மைதான். ஆனால் அது சிலைக்குள் போகவில்லை. மேற்பரப்பு இழுவிசையால் கரண்டியின் விளிம்பிலிருந்து இழுபட்டு, சிலையின் மேலாக மெல்லிய படலமாய் வழிந்து இறங்கியது. வெள்ளைப் பாலில் கண்ணுக்குத் தெரியாததை வர்ணம் காட்டிக்கொடுத்தது.

2008 மார்ச்சில் 'இந்தியா டிவி'யில் ஒரு மந்திரவாதி, மூன்று நிமிடத்தில் மந்திரத்தால் ஆளைக் கொல்வேன் என்றார். பகுத்தறிவாளர் சனல் இடமருகு, "என்னைக் கொல்லுங்கள்" என்று முன்னால் போய் உட்கார்ந்தார். மணிக்கணக்காக மந்திரம் ஓதியும் அவர் சிரித்துக்கொண்டே இருந்தார். பார்த்தவர்கள் கோடாங்கிக்குக் கொடுத்த பணத்தை நினைத்திருப்பார்கள்.

பிறர் வீட்டுக் கதையை மட்டும் எழுதுவது நியாயமன்று. 2012 மார்ச்சில் மும்பாய் வேளாங்கண்ணி மாதா தேவாலயத்திலுள்ள சிலுவையின் பாதத்திலிருந்து நீர் சொட்டியது. மக்கள் அதைத் தீர்த்தமாக ஏந்தினார்கள். அதே இடமருகு போய்ப் பார்த்து, அடைபட்ட வடிகாலின் நீரே சுவரின் நுண்ணிய துளைகள் வழியே ஏறி வருகிறது என்றார்; தொலைக்காட்சியிலும் சொன்னார். வடிகாலைத் துப்புரவாக்கிப் பார்த்திருக்கலாம். அதற்குப் பதில் சமயத்தை நிந்தித்ததாகப் பொலிசில் முறைப்பாடுகள் சென்றன. அவ்வாண்டே அவர் பின்லாந்துக்குப் போய்விட்டார். விசுவாசிகளாகிய எமக்கு இது வெட்கமாகவே இருக்கிறது. வடிகால் நீரைக் குடித்து ஒரு பிள்ளைக்கு வயிற்றோட்டம் வந்தால் யார் பொறுப்பு?

நம் நாட்டில் இவ்வேலையை முன்னரே செய்தவர் ஆபிரகாம் கோவூர். கேரளத்து மார்த்தோமா குருவானவரின் மகனான அவர், யாழ். மத்திய கல்லூரியிலும் கொழும்பு தேர்ஸ்டன் கல்லூரியிலும் கற்பித்தவர். அற்புதத்தை நிரூபிப்பவருக்கு ஒரு இலட்சம் ரூபாய் தருவதாக 1963இல் அறிவித்தார். எவரும் அதைப் பெறவில்லை. 1978இல் அவர் காலமானார். இலங்கைக்குத் தொலைக்காட்சி வந்தது அடுத்த ஆண்டில்தான்!

சுவரில் நீர் ஏறுவதைக் காண மும்பாய் போக வேண்டியதில்லை. உலர்ந்த செங்கல் ஒன்றைத் தட்டிலுள்ள தண்ணீரில் நிறுத்தி வையுங்கள். சிறிது நேரத்தில் ஈரம் மேலே ஏறும். கூரை ஒழுகாமலே காம்பராச் சுவரின் அடி நனைந்திருப்பதும் இதனாலேயே. யாரும் செய்வினை வைக்கவில்லை. இடம்பெயர்ந்து வந்து புதிதாய் வீடு கட்டுவோர், அத்திவாரத்தின் மேல் தடித்த பொலித்தீன் விரித்த பின் சுவரை எழுப்பினால் ஈரம் நின்றுவிடும்.

இன்னொன்றுதான் உயிர் சம்பந்தமானது. அடைமழையில், இதுவரை இல்லாத இடத்தில் ஊற்றுக் கிளம்பினால் அதை அருளென்று எண்ணி விளக்கேற்றாதீர்கள். புது ஊற்று, பீலித் தண்ணீர் திடீரெனக் கலங்குதல், நிலத்திலும் சுவரிலும் வெடிப்பு, மரங்கள் சாய்தல் ஆகியவை மண்சரிவுக்கு முன் தோன்றும் அறிகுறிகளென்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகம் எச்சரித்து வருகிறது. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அங்கு அபாயம் உண்டென்று முன்னரே சொல்லப்பட்டிருந்தது. அறிகுறியைக் கண்டால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உடனே வெளியேறுங்கள். பின்னர் கிராம சேவகருக்கு அறிவியுங்கள், அல்லது அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கு அழையுங்கள்.